பெண்கள் வரிசையில் ஒரு டிக்கெட்

மார்ச் 3, ஞாயிறு

படம்: கருவேலங்கோட்டை. செண்பகா தியேட்டர், மதியக் காட்சி.

ஸ்கேன் சென்டரில் நாள் முழுக்க டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிக்கிறேன். கல்லீரல் இயல்பு, பித்தப்பை இயல்பு, சிறுநீரகங்கள் இயல்பு. கடைசியில் 'கருத்து' என்று ஒரு வரி வரும். அது டாக்டருடையது. அதில் ஒரு காற்புள்ளிகூட எனக்குச் சொந்தமில்லை. படம் கலங்கலாக விழுந்திருந்தால் 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை, மறுபடி எடுத்துப் பார்க்கவும்' என்பார். அதையும் அடிப்பேன்.

ஆகவே மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன இந்த டைரியில், பார்க்கிற படங்களைப் பற்றி என் கருத்தை எழுதப் போகிறேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கருவேலங்கோட்டையில் கதாநாயகன் நாற்பது பேரை அடிக்கிறான். முப்பத்தொன்பது பேர் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் நாற்பதாவது ஆள் ஏன் ஓடி வருகிறார் என்று தெரியவில்லை. அவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ. கதாநாயகி சப்-கலெக்டர். முதல் பாட்டுக்குப் பிறகு ஆபீஸுக்கே போகவில்லை. தாலுகாவில் எத்தனை பேர் பட்டாவுக்குக் காத்திருக்கிறார்களோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

கடைசியில் கதாநாயகனுக்குத் தலையில் அடி. டாக்டர் ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மூளையில ரத்தம் கட்டியிருக்கு" என்கிறார். அது முட்டி. முழங்கால் மூட்டு எம்.ஆர்.ஐ. தினமும் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? தியேட்டரே அழுதுகொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

படம் வந்து முதல் ஞாயிறு என்பதால் ஆண்கள் வரிசை சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி நின்றது. பெண்கள் வரிசையில் ஐந்தாறு பேர்தான். வழக்கம்போல ஒருவர் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டி, "அக்கா, எனக்கும் ஒண்ணு சேத்து எடுத்துக் குடுத்துருங்க" என்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருப்பார். டிக்கெட் வேண்டுமென்றால் இந்த ஊரில் எல்லா ஆண்களும் தம்பிகள்தான். எடுத்துக் கொடுத்தேன்.

கருத்து: முட்டி நன்றாக நடித்திருக்கிறது.

மார்ச் 4, திங்கள்

இன்று டாக்டர் "ரைட் நீ" என்று வலது முட்டியில் ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜையில் டோக்கன் போடும் ஜெஸிந்தா அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேச்சி, நீ சிரிச்சு நான் இன்னைக்குத்தான்டி பாக்குறேன். மாப்பிள்ள போன் பண்ணாரா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

மார்ச் 8, வெள்ளி

மாப்பிள்ளையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். பெயர் திருமேனி. விருதுநகரில் டிராக்டர் ஷோரூமில் வேலை. போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். பங்குனி உத்திரம் கழிந்து பூ வைப்பதாகப் பேச்சு. அம்மாவுக்கு இப்போதே கால் தரையில் இல்லை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் காலேஜுக்குப் போன முதல் பெண் நான். படித்த பெண்ணுக்கு இடம் அமைவது கஷ்டம் என்று அம்மாவை எல்லாரும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

அவரைப் பற்றி எனக்குத் தனியாக அபிப்பிராயம் ஒன்றுமில்லை. வாட்சை வலது கையில் கட்டுகிறார். அம்மா வைத்த முறுக்கு உடையவே இல்லை. இரண்டு தரம் முயன்றுவிட்டு, யாருக்கும் தெரியாமல் தட்டிலேயே வைத்துவிட்டுச் சிரித்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "படம் பாப்பீங்களா?" தலையாட்டினேன். "நானும்" என்றார். மற்றபடி நான் ஒன்றும் கவனிக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

படம்: மஞ்சுளா வீட்டில் இல்லை. பேய்ப் படம். கூட்டமில்லை. பேயைவிட ஏ.சி.தான் நடுங்க வைத்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"யாரோட போன?"

"தனியா."

"போன வாரம்?"

"தனியாத்தான்."

"பொய் சொல்லாத. மாப்பிள்ளையோட அக்கா கனகவல்லி பாத்துருக்கு. உனக்கு மூணு வரிசை பின்னாடி உக்காந்துருக்கு. நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரன் கூட உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தியாம்ல? யாருடி அவன்?"

"தெரியாது."

இதைச் சொன்னதும் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அப்பா மில்லில் இருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நடந்ததை அவரிடம் சொன்னேன். பெண்கள் வரிசையில் நின்றது, அந்த ஆள் டிக்கெட் கேட்டது, நான் எடுத்துக் கொடுத்தது. முன்பெல்லாம் செண்பகாவில் இரும்பு நாற்காலி. யாரும் எங்கேயும் உட்காரலாம். இப்போது குஷன் போட்டு நம்பர் எழுதிவிட்டார்கள். இரண்டு டிக்கெட் சேர்த்து எடுத்தால் அடுத்தடுத்த நம்பர்தான் விழும். டிக்கெட் கேட்ட அவருக்கும் அது தெரியாது, கொடுத்த எனக்கும் தெரியாது.

"தெரியாத ஆளுக்கு எதுக்குத்தா டிக்கெட்டு எடுத்த?" என்றார் அப்பா.

"நீங்க கேட்டதே இல்லியாப்பா, லேடீஸ் க்யூல?"

அப்பா துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார். இந்த ஊரில் பெண்கள் வரிசையில் டிக்கெட் கேட்காத ஆண்பிள்ளை இல்லை. அது அவருக்குத் தெரியும்.

படத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். மஞ்சுளா உயிரோடு இருந்தபோது அவளை வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. செத்த பிறகு அவள் பாட்டுக்குத் தெருத்தெருவாகப் போகிறாள். சுடுகாட்டுக்குப் போகிறாள். கடற்கரைக்குக்கூடப் போகிறாள்.

கருத்து: யாரோடு போனாய் என்று பேயை யாரும் கேட்பதில்லை.

மார்ச் 11, திங்கள்

எல்லாம் சரியாகிவிட்டது. அம்மா சரி செய்துவிட்டாள்.

காலையில் கனகவல்லிக்குப் போன் போட்டு, "அது எங்க அண்ணன் மகன் மாரிக்கனிம்மா. ஊருக்கு வந்திருந்தான். பிள்ளைய நாந்தான் துணைக்கு அனுப்புனேன்" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பொய்யும் சொல்ல வேணாம். வாயத் தொறக்காம இரு, அது போதும்."

எனக்கு நன்றாக வருகிற ஒரே காரியத்தைத்தான் கேட்டிருக்கிறாள். காலேஜில் மூன்று வருஷம் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை நான். "பேச்சியம்மான்னு பேரத்தான் வச்சிருக்காங்க" என்பார் கணக்கு வாத்தியார்.

ஆகவே கஷ்டமில்லை.

மார்ச் 12, செவ்வாய்

பூ வைக்கிற வரைக்கும் சினிமா கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள். சரி என்றேன்.

மார்ச் 14, வியாழன்

மூன்றாம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டிருக்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரிக் காட்சி வரைக்கும் டிக்கெட் கேட்டவரும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நடுவில் இருந்த கைப்பிடியில் இரண்டு பேருமே கை வைக்கவில்லை. டாக்டர் அந்த ஃபிலிமைத் தூக்கிக் காட்டியபோது, பக்கத்திலிருந்து தனக்குத்தானே பேசுவதுபோல ஒரு குரல் கேட்டது.

"அது மூளை இல்லியே. முட்டில்ல?"

நான் திரும்பி, "வலது முட்டி" என்றேன்.

முன்பின் தெரியாத ஒருவரிடம், கேட்காமலே, நானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேருக்கும் அடக்க முடியவில்லை. திரையில் கதாநாயகனின் அம்மா ஆஸ்பத்திரித் தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுகிறாள். நாங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம். முன்வரிசை ஆள் ஒருவர் திரும்பி "ச்சூ" என்றார். படம் முடிந்ததும் "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பெயர் கேட்கவில்லை. முகம்கூட இப்போது சரியாக ஞாபகமில்லை. முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை, அவ்வளவுதான்.

அன்றைக்கு மாரிக்கனி பெங்களூரில் பேக்கரியில் பன்னுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். எட்டாம் வகுப்பில் என் பின்னலை ஜன்னல் கம்பியில் கட்டியவன் அவன். அந்தச் சிரிப்பில் அவனுக்கு என்ன பங்கு?

மார்ச் 17, ஞாயிறு

தியேட்டர் இல்லாத ஞாயிறு. துவைத்தேன். இட்லிக்கு ஆட்டினேன். டி.வி.யில் ஏதோ ஒரு குடும்பப் படம், பாதியிலிருந்து. அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

மருமகள் நகையைத் திருடவில்லை. ஆனால் வீட்டு மானம் போகக் கூடாதென்று 'நான்தான் எடுத்தேன்' என்று ஒப்புக்கொள்கிறாள். கடைசியில் உண்மை தெரிந்து மாமியார் அவளைக் கட்டிப்பிடிக்கிறார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொம்பளன்னா இப்பிடி இருக்கணும்டி" என்றாள்.

உண்மை தெரியாமலே போயிருந்தால்? டைரக்டர் என்று ஒருவர் இருந்ததால் அந்தப் பெண் தப்பித்தாள்.

கருத்து: எங்கள் வீட்டில் டைரக்டர் கிடையாது.

மார்ச் 19, செவ்வாய்

சாயங்காலம் அம்மா கொல்லைப்பக்கம் நின்று மாரிக்கனியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாதென்றுதான் இருந்தேன்.

"லீவு கெடைக்கலேன்னு சொல்லாத. ஒருநா வந்து தலையக் காட்டிட்டுப் போயிரு. நல்லாருப்ப… ஏப்பா, ஒங்கிட்ட நீலக் கட்டம் போட்ட சட்ட இருக்கா?"

மார்ச் 20, புதன்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கனகவல்லி மதினி பூ வைக்கிற சேலையைக் காட்ட வந்திருந்தார். மாம்பழ நிறம், அரக்கு பார்டர். நன்றாகத்தான் இருந்தது. என் தோளில் போட்டுப் பார்த்து, "ஒனக்குன்னே நெய்த மாதிரி இருக்கு" என்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அதையும் எழுத வேண்டும்.

காப்பி குடித்துக்கொண்டே அம்மாவிடம், "மாரிக்கனித் தம்பியையும் வரச் சொல்லுங்க அத்தை. அன்னைக்கு என்னா சிரிப்பு ரெண்டு பேரும்! நான்கூட வேற மாதிரி நெனச்சுப்புட்டேன்" என்றார்.

"வருவான், வருவான். வராமயா?"

"படம் விட்டு வரும்போது பாத்தேன். சின்ன வயசுலயே முன்னாடி வழுக்க விழுந்துருச்சு போல, பாவம்."

மாரிக்கனிக்குத் தலைகொள்ளாத முடி. அம்மா ஒரு விநாடிதான் தயங்கினாள். "அன்னைக்கு எண்ண வச்சுப் படியச் சீவிருப்பான்" என்றாள்.

நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியவள். போகவில்லை.

"அது மாரிக்கனி இல்ல" என்றேன்.

அம்மா, "போயி மதினிக்குக் காப்பி கொண்டா" என்றாள்.

"காப்பி குடிச்சாச்சு. அது மாரிக்கனி இல்ல மதினி. யாருன்னு எனக்குத் தெரியாது. லேடீஸ் க்யூல டிக்கெட்டு கேட்டாரு, எடுத்துக் குடுத்தேன். பக்கத்து நம்பர் விழுந்துருச்சு."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டேன்.

"யாருன்னு தெரியாத ஆளுகூடவா அம்புட்டுச் சிரிப்பு?"

"ஆமா."

"என்னத்துக்கு?"

"முட்டிக்கு."

"எதுக்கு?"

"முட்டி எம்.ஆர்.ஐ.யக் காட்டி மூளைன்னாங்க. அது அவருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. அதான் சிரிச்சோம்."

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் துண்டால் வாயைத் துடைத்தார். அவர் இன்னும் காப்பியே குடிக்கவில்லை. துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீ தனியாத்தான் சினிமாவுக்குப் போறியா?"

"ஆமா."

"தனியாப் போயி என்ன செய்வ?"

"படம் பாப்பேன்."

அவர் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "வாரோம் அத்தை. தம்பிகிட்டக் கலந்துக்கிட்டுச் சொல்றோம்." பையை இங்கே விட்டுவிட்டுப் போவதாகத்தான் முதலில் பேச்சு.

மதினியின் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அம்மா பொறுத்தாள்.

"வாயில்லாப் பிள்ள, வாயில்லாப் பிள்ளன்னு ஊரே சொல்லுமேடி! ஒருநா வாயத் தொறந்த, அது இன்னைக்குத்தானா?"

பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தள்ளிவிட்டாள். மறுபடி உட்கார்ந்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

மார்ச் 21, வியாழன்

வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் வழக்கம்போல.

மார்ச் 22, வெள்ளி

ஜெஸிந்தா அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கிறுக்கி, என்கூட வந்தேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல? நான் வந்து சாட்சி சொல்லிருப்பேனே" என்றார்.

"நீங்க வரலையேக்கா."

"வரலதான். அதுக்காக?"

இவ்வளவு பேர் என்னோடு வந்ததாகச் சொல்லத் தயாராக இருக்கிறார்கள். உண்மையில் படத்துக்குக் கூப்பிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள்.

மார்ச் 23, சனி

திருமேனி போன் செய்தார். டோக்கன் கூட்டம் இருந்ததால் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் போய் நின்று பேசினேன்.

"நான் நம்புறேங்க. அதுல ஒண்ணுமில்ல. ஆனா அத்தை சொன்னதே இருந்துட்டுப் போயிருக்கலாம்ல? ஒரு வார்த்தைதானே."

"நான் சொன்னதும் ஒரு வார்த்தைதான்."

"அது சரி. அக்கா கேட்டுக்கிட்டே இருக்கு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"முட்டின்னு சொல்லுங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உடையாத முறுக்குக்குச் சிரித்தவர். பின்னால் டிராக்டர் ஒன்று உறுமுகிற சத்தம் கேட்டது. பிறகு "சரி, வச்சிர்றேன்" என்றார்.

எனக்கொன்றும் வருத்தமில்லை. மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பசிக்கவில்லை. வெயில்.

மார்ச் 24, ஞாயிறு

படம்: பதினோராம் பிளாட்பாரம்.

பச்சைச் சுடிதாரைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். அம்மா வாசல்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்க?"

"படத்துக்கு."

"யாரோடன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா யாரோடயும் இல்லேம்ப. அதக் கேக்குறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

காலை நகர்த்தி வழிவிடவில்லை. அவள் மேல் படாமல் தாண்டிப் போனேன். சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமலே, "வெயிலு. குடைய எடுத்துட்டுப் போத்தா" என்றார். திரும்ப அம்மாவைத் தாண்டி உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு, மறுபடியும் தாண்டி வந்தேன். மூன்றாவது தரம் அம்மா காலை மடக்கிக்கொண்டாள்.

செண்பகாவில் கூட்டம். காதல் படம், முதல் ஞாயிறு. ஆண்கள் வரிசை சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, பரோட்டாக் கடை வரைக்கும் போயிருந்தது. பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம் மட்டும். கவுன்டரை நெருங்கும்போது கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டது.

வலது கை. அதில் வாட்ச்.

"எனக்கும் ஒண்ணு சேத்து எடுங்களேன்" என்றார் திருமேனி. விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஆம்பளைங்க வரிசை அங்கிட்டு."

"பரோட்டாக் கடை வரைக்கும் நிக்கிதுங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"ரெண்டு எடுத்தா பக்கத்துப் பக்கத்துல விழும்ல…"

"அதுக்குத்தான் சொல்றேன். அங்கிட்டு நில்லுங்க."

என் பின்னால் நின்ற அம்மா ஒருவர், "பாவம், எடுத்துக் குடும்மா, தம்பி கேக்குதுல்ல" என்றார். நான் திரும்பவில்லை.

திருமேனி கையை இழுத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. "அக்காகிட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"முட்டின்னு."

"அதுக்கு?"

"அது இன்னும் நம்பல. எங்கிட்டயும் நேத்துலருந்து பேசல."

"நம்ப வேணாம்" என்றேன். சிரித்துவிடக் கூடாதென்று குடையின் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கவுன்டர் வந்துவிட்டது.

"எத்தனைம்மா?"

"ஒண்ணு."

கவுன்டர்காரர் என் முகத்தைப் பார்த்தார், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்தார், ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் உள்ளே போய் என் நம்பரில் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பாட்டியம்மா. கைப்பிடியில் தாராளமாகக் கை வைத்துக்கொண்டேன்.

கதை: ரயிலில் பார்த்த பெண்ணைக் கதாநாயகன் ஊர் ஊராகத் தேடுகிறான். இறங்கும்போதே 'எந்த ஊரு' என்று கேட்டிருந்தால் படம் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவள் தன்னைத் தேடச் சொன்னாளா என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

முதல் பாட்டு முடிகிற நேரத்தில் கதவு திறந்தது. ஒருவர் குனிந்துகொண்டே நடந்து, கழுத்து ஒடிகிற முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். திரை வெளிச்சத்தில் வலது மணிக்கட்டு ஒரு தரம் மின்னியது. வரிசையில் நின்றுதான் வந்திருக்கிறார்.

இடைவேளையில் அவர் எழுந்து பின்பக்கம் திரும்பி, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஜவுளிக்கடை விளம்பரம்தான் ஓடியது. அதில் ஒரு மாம்பழ நிறச் சேலை வந்தது.

அதற்குப் பிறகு ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி. என்ன ஸ்கேன் என்று நான் கவனிப்பதற்குள் முதல் வரிசையிலிருந்து ஒரே ஒரு ஆள் சத்தமாகச் சிரித்தார். யாரும் ச்சூ சொல்லவில்லை. அது சிரிப்பதற்கான இடமா இல்லையா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

கருத்து: முதல் பாதி சுமார். இரண்டாம் பாதி குறித்து உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மறுபடி பார்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு டிக்கெட்.